3,499 ரூபாய்க்கு ஜர்னல் ஆக்சஸ்: பிசியோதெரபி படிப்பவர்கள் கவனத்துக்கு

பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) கடைசி வருஷ ப்ராஜெக்ட் நேரம் வந்தால் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு போஸ்டர் சுற்ற ஆரம்பிக்கும். நீலப் பின்னணி, நடுவில் முதுகெலும்புப் படம், ‘10 லட்சம் ஜர்னல், 200 டெக்ஸ்ட்புக், ரெடிமேட் ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர், லைஃப்டைம் ஆக்சஸ்’. போன வருஷம் அதை நம்பி 3,499 ரூபாய் கட்டினேன். மெஸ் பில்லுக்கு அப்பா அனுப்பிய காசு. இப்போது அதே போஸ்டர் பச்சை நிறத்தில் வந்திருக்கிறது. “அண்ணா, இது நம்பலாமா?” என்று ஜூனியர் ஒருத்தி அனுப்பிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

என் தலைப்பு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகி வலிக்கிற பிரச்சினை. நோயாளிகளில் ஒரு குரூப்புக்கு மெய்ட்லேண்ட் மொபிலைசேஷன் (மூட்டைக் கையால் அசைத்துவிடுவது), இன்னொன்றுக்கு மசில் எனர்ஜி டெக்னிக் (நோயாளியின் தசை விசையையே பயன்படுத்துவது), அளப்பதற்கு ஸ்பாடி என்ற தோள் வலிக் கேள்வித்தாளும், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரும். பத்து காலேஜில் பத்து பேர் செய்திருக்கக்கூடிய தலைப்புதான். எங்கள் லைப்ரரியில் ஜர்னல் ரேக் என்று ஒன்று உண்டு; இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது தூசி தட்டுவார்கள். நெட்டில் தேடினால் கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்டது. சினாப்சிஸ் (ப்ராஜெக்ட்டின் முன்வரைவு) கொடுக்க ஒன்பது நாள்தான் பாக்கி. இப்படி முழி பிதுங்கி நிற்கிறவனுக்காகத்தான் அந்த போஸ்டரே.

போனில் பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். “தம்பி, கவர்மென்ட்டே ‘ஒரே நாடு ஒரே சந்தா’ கொண்டு வந்திருக்கு. அந்த லாகின்தான் தர்றோம். ஒரிஜினல்.” செய்தியில் படித்த பெயர் என்பதால் சந்தேகமே வரவில்லை. திட்டம் உண்மைதான். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் வந்த திட்டம். அங்கே படிக்கிறவர்கள் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. தனியார் கல்லூரியில் படிக்கிற எனக்கு அதில் இடமே கிடையாது. ஆக, யார் அதை ‘விற்றாலும்’ பொய்தான். எனக்கு வந்த லாகினில் வேறு யாரோ ஒரு மாணவியின் பெயர் இருந்தது. நான்காம் நாள் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. “சர்வர் மெயின்டனன்ஸ், தம்பி.” அந்த மெயின்டனன்ஸ் இன்னும் முடியவில்லை.

கூடவே ஒரு டிரைவ் ஃபோல்டர் வந்தது. டெக்ஸ்ட்புக் என்று சொன்னதில் பாதி கோணலாக ஸ்கேன் செய்த பக்கங்கள். ‘பிரீமியம்’ என்று தனியாக வைத்திருந்தது 26 எம்பிடி (முதுநிலை) டிசர்டேஷன்கள், அதாவது ஆய்வேடுகள், எல்லாவற்றிலும் முதல் இரண்டு பக்கத்தை வெட்டியிருந்தார்கள். ஏன் வெட்டினார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு சொந்தமாக ஓர் இணையக் களஞ்சியம் இருக்கிறது. பிசியோதெரபி டிசர்டேஷன்களும் அதில் முழுசாக, இலவசமாக இருக்கின்றன. என் ஃபோல்டரில் இருந்த ஃப்ரோசன் ஷோல்டர் டிசர்டேஷனும் அங்கே முதல் பக்கத்தோடு உட்கார்ந்திருந்தது. என் பல்கலைக்கழகத்தின் சரக்கையே எனக்குக் காசுக்கு விற்றிருக்கிறார்கள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். மானத்தை வாங்கியது அந்த ரெடிமேட் ரிவ்யூதான், அதாவது தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிற பகுதி. பெயரை மட்டும் மாற்றி, 42 ரெஃபரன்ஸோடு கைடு மேடத்திடம் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராக நடுவில் பிரித்தார்.

“ஸ்பாடியில எத்தனை கேள்விப்பா?”

“13, மேடம். வலிக்கு 5, வேலைக்கு 8.”

“நீ 10ன்னு எழுதியிருக்கியே?”

ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) போஸ்டிங்கில் எத்தனை அம்மாக்களிடம் “தலைக்குக் குளிக்க முடியுதாம்மா, மேல் ஷெல்ஃபுல டப்பா வைக்க முடியுதா” என்று அந்த 13 கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பேன்! என் பெயர் போட்ட தாளில் 10 என்று இருக்கிறது. அப்புறம் பதினேழாவது ரெஃபரன்ஸின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்) அவருடைய கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். மீன் வளர்ப்புக் கட்டுரை ஒன்று திறந்தது. அடுத்ததற்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்று வந்தது. ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து 42-ஐயும் பார்த்தேன்; 11 கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. எழுதியவர் பெயர் இருக்கும், ஜர்னல் பெயர் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. ஏதோ ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மேடம் திட்டவில்லை. “பெட்ரோ தெரியுமா?” என்றார். தெரியாது. நான்கு வருஷத்தில் யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. அது ஓர் இணையத் தேடல் தளம், நம் துறைக்கென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து 1999 முதல் நடத்துகிறார்கள். பிசியோதெரபி ட்ரையல்கள் (நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதித்த ஆய்வுகள்), ரிவ்யூக்கள், கைட்லைன்கள் எல்லாம் ஒரே இடத்தில். தேடக் காசு கிடையாது, தமிழில்கூட பக்கங்கள் இருக்கின்றன. தோள், வலி, மொபிலைசேஷன் என்று தேர்ந்தெடுத்துத் தேடினால் போதும். ஒவ்வொரு ட்ரையலுக்கும் 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள், எதை நம்பி எழுதலாம் என்று ஓரளவு பிடிபடும். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தலைப்பைப் போட்டு, ஓரத்தில் இருக்கும் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’டை டிக் செய்யுங்கள். ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். எதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதியவரின் மெயில் ஐடி முதல் பக்கத்திலேயே இருக்கும், கேளுங்கள். நான் ஐந்து பேருக்கு எழுதினேன், மூன்று பேர் அனுப்பினார்கள். ஒருவர் கோனியோமீட்டரை எங்கே வைத்து அளந்தேன் என்று படமும் சேர்த்து அனுப்பினார்.

சினாப்சிஸ் இரண்டு வாரம் தாமதம். அபராதம் 500.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “5,500 கட்டுங்க தம்பி, இரண்டே நாளில் இன்டர்நேஷனல் ஜர்னல்ல உங்க பேர்ல பப்ளிஷ் பண்ணித் தர்றோம், பழைய காசை அதுல கழிச்சுக்கலாம்” என்றார்கள். டேட்டாவே இன்னும் எடுக்கவில்லை, எதைப் பப்ளிஷ் பண்ணுவார்கள்? அன்று சாயங்காலமே பிளாக் செய்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்தேன். பணம் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துக் கொடுத்ததால் இன்னும் எதுவும் திரும்பவில்லை. நீங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தால் யோசிக்காமல் இன்றைக்கே கூப்பிடுங்கள், யுபிஐ ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். போனில் சொல்கிற பெயரும் ஜிபேயில் வருகிற பெயரும் வேறு வேறாக இருக்கும், அதையும் குறித்து வையுங்கள்.

போஸ்டரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நிறத்தை மாற்றியிருக்கிறார்களே தவிர, முதுகெலும்புப் படம் இரண்டிலும் தலைகீழாகத்தான் இருக்கிறது. முதுகெலும்பின் அடியில் இருக்க வேண்டிய சேக்ரம் மேலே, கழுத்து கீழே. முதல் வருஷம் அனாட்டமியில் நல்ல மார்க் வாங்கிய நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜிபேயைத் திறந்தேன்.