செய்தி வரிசைகளைத் தானாகக் கண்டறிந்து சி.எம்.டி.பி.யில் சேர்த்தல்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் குழுவின் பொறுப்பில் இருக்கும் செயலிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதைவிடச் செய்தி வரிசைகள் (ஒரு செயலி போடும் செய்தியை மற்றொன்று எடுக்கும் வரை வைத்திருப்பவை) வழியாகப் பேசுவதே அதிகம். ஆனால் எந்த வரிசை எந்தக் கிளவுட் கணக்கில் இருக்கிறது, அதை உருவாக்கியவர் யார், அதிலிருந்து படிக்கும் செயலி எது என்ற விவரமெல்லாம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை ஓர் எக்செல் கோப்பில்தான் இருந்தது. அந்தக் கோப்பைப் பராமரித்தவர் வேறு துறைக்கு மாறி வெகுநாளாகியிருந்தது. சர்வர்களும் டேட்டாபேஸ்களும் சி.எம்.டி.பி.யில் (கணினி வளங்கள், அவற்றின் அமைப்புகள், உறவுகள் ஆகியவற்றின் பதிவேட்டில்) ஒழுங்காகப் பதிவாகியிருக்க, அவற்றை இணைக்கும் வரிசைகள் மட்டும் விடுபட்டிருந்தது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. ஆகவே, கிளவுட் கணக்குகளை ஏ.பி.ஐ. (நிரல்கள் சேவையிடம் விவரம் கேட்கும் இடைமுகம்) வழியாக ஸ்கேன் செய்து வரிசைகளைத் தானாகவே பதிவேற்றும் மென்பொருள் ஒன்றை நிறுவினோம். அன்று முதல் அதன் பொறுப்பு என்னிடமே இருக்கிறது.

முதல் ஸ்கேன் முடிந்ததும் அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்.கியூ.எஸ். வரிசைகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரு ரீஜியனில் (கிளவுட் மையங்கள் அமைந்த புவிப் பகுதியில்) மிகச் சரியாக 1,000 வரிசைகள் இருந்தன. இயல்பான சூழலில் எண்ணிக்கை அப்படிச் சரியாக ஆயிரத்தில் வந்து நிற்காது என்பதால் உடனே சந்தேகம் எழுந்தது. வரிசைகளைப் பட்டியலிடும் லிஸ்ட்கியூஸ் அழைப்பில் மேக்ஸ்ரிசல்ட்ஸ் என்ற அளவுருவைக் கொடுக்காவிட்டால், அதிகபட்சம் 1,000 வரிசைகள் மட்டுமே திரும்பி வரும். மேலும் இருக்கின்றன என்று உணர்த்தும் நெக்ஸ்ட்டோக்கன் என்ற குறியீடும் அப்போது வராது. மென்பொருள் அந்த அளவுருவை அனுப்பவில்லை. பிழைச் செய்தி ஏதும் இல்லாததால், ஸ்கேன் வெற்றி என்றே அறிக்கை சொன்னது. தயாரிப்பாளர்கள் இதைத் திருத்தித் தரும் வரை, பெயர் முன்னொட்டு வாரியாகப் பிரித்து ஸ்கேன் செய்தோம். புதிதாக இதில் இறங்குபவர்கள் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

அனுமதிகளைப் பொறுத்தவரை பாதுகாப்புக் குழுவினரோடு நீண்ட விவாதம் நடந்தது, அது நன்மையாகவே முடிந்தது. வரிசைகளின் பட்டியல், அவற்றின் பண்புகள், டேக்குகள் (உரிமையாளர் போன்ற விவரக் குறிப்புகள்) ஆகிய மூன்றையும் படிக்கும் அனுமதி மட்டுமே கண்டறிதலுக்குப் போதும். நிறுவல் வழிகாட்டியிலோ எஸ்.கியூ.எஸ். சேவையின் எல்லாச் செயல்களுக்கும் அனுமதி கேட்டிருந்தார்கள். செய்தியைப் பெறும் ரிசீவ்மெசேஜ் அனுமதியைக் கண்டறியும் கருவிக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு செய்தியை எட்டிப் பார்த்தாலே அது இயல்புநிலையில் 30 விநாடிகளுக்கு மற்றவர்களின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். பெறப்பட்ட எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும். அந்த எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால், எந்தப் பிழையும் இல்லாத செய்தி, செயலாக்க முடியாதவற்றை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் கியூ என்ற தனி வரிசைக்குப் போய்ச் சேரும். கணக்கெடுக்க வந்தவர் வீட்டுப் பொருளை இடம் மாற்றிவிட்டுப் போகலாகாது.

முதல் ஆண்டில் என்னை மிகவும் வருத்திய நிகழ்வு ஒன்று உண்டு. ஒரு கணக்கில் கண்டறிதலுக்கான ரோலை (அனுமதித் தொகுப்பை) யாரோ மாற்றியமைத்ததால் அழைப்புகள் மறுக்கப்பட்டன. மென்பொருளோ அந்த மறுப்பை ‘வரிசைகள் ஏதுமில்லை’ என்று பொருள்கொண்டு, அந்தக் கணக்கின் வரிசைகள் அனைத்தையும் ஒரே இரவில் ‘நீக்கப்பட்டவை’ என்று குறித்துவிட்டது. காலையில் மாற்ற ஒப்புதல் கூட்டத்தில், இல்லாத வரிசைகளுக்கு மாற்றக் கோரிக்கை எப்படி எழுப்பலாம் என்று செயலிக் குழுவினரைக் கேட்டார்கள். வரிசைகளோ பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தன. அதன்பின் ஒரு விதி வகுத்தோம்: அழைப்பு வெற்றிகரமாக முடிந்த மூன்று தொடர் ஸ்கேன்களில் ஒரு வரிசை காணப்படவில்லையென்றால் மட்டுமே அதை நீக்கப்பட்டதாகக் குறிக்க வேண்டும், மறுக்கப்பட்ட அழைப்பைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

அடையாளம் காண்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எஸ்.கியூ.எஸ். வரிசையின் ஏ.ஆர்.என். என்ற தனி அடையாளக் குறி ரீஜியன், கணக்கு எண், வரிசைப் பெயர் ஆகியவற்றால் ஆனது. ஒரு வரிசையை நீக்கிவிட்டு, 60 விநாடிகள் கழித்து அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால் ஏ.ஆர்.என். மாறுவதில்லை. ஆகவே சி.எம்.டி.பி.யில் அது பழைய வரிசையாகவே தொடர்கிறது. ஆனால் அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கலாம், உள்ளே இருந்த செய்திகளோ போய்விட்டிருக்கும். உருவாக்கிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி விதியைத் திருத்திய பின்னரே இத்தகைய மறு உருவாக்கங்கள் கண்ணில் பட்டன. இதற்கு நேர்மாறாக, வரிசையில் காத்திருக்கும் செய்திகளின் தோராய எண்ணிக்கையை மென்பொருள் ஓர் உள்ளமைவுப் பண்பாகவே சேமித்து வந்தது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்த எண் மாறுவதால் மாற்ற வரலாறு முழுவதும் அதுவே நிரம்பி, உண்மையான மாற்றங்கள் அதற்குள் புதைந்துபோயின. எண்ணிக்கை கண்காணிப்புக்கு உரியது, உள்ளமைவுக்கு உரியதன்று என்று சொல்லி அதை நிறுத்திவிட்டோம்.

இத்தனை சிரமத்துக்கும் கைம்மாறு கிடைத்தது உறவுகளைப் பதிவு செய்யத் தொடங்கியபோதுதான். ஒவ்வொரு மூல வரிசையின் ரீட்ரைவ் பாலிசியிலும் (தோற்ற செய்தியை எப்போது, எங்கே ஒதுக்குவது என்ற விதியிலும்) அதன் டெட் லெட்டர் கியூவின் ஏ.ஆர்.என். இருக்கும், அதைப் படித்து இரண்டையும் இணைத்தோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் குழுக்களில் ஒன்று செய்திகளை இழந்திருந்தது. படிக்கும் செயலி வெள்ளி மாலை நின்று, திங்கள் மாலை மீண்டும் ஓடத் தொடங்கியது. வெள்ளியன்று வந்த செய்திகளில் சில, செயலாக்கத்தில் திரும்பத் திரும்பத் தோற்று டெட் லெட்டர் கியூவுக்குப் போயின. புதன்கிழமை ஆராயலாம் என்று வைத்திருந்தார்கள். புதனன்று பார்த்தபோது கியூ காலியாக இருந்தது. இரண்டு வரிசைகளிலும் செய்திகளை வைத்திருக்கும் காலம் இயல்புநிலையான 4 நாட்கள். சாதாரண வகை வரிசையில், செய்தி டெட் லெட்டர் கியூவுக்கு நகர்ந்தாலும் அதன் வயது முதன்முதலில் வரிசையில் சேர்ந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே வெள்ளி மாலைச் செய்தி செவ்வாய் மாலையே அழிந்துவிட்டது. உறவு பதிவான பிறகு, டெட் லெட்டர் கியூவின் காலம் மூல வரிசையின் காலத்தைவிட நீண்டதாக இல்லாத இணைகளை ஒரே தேடலில் எடுக்க முடிந்தது. பட்டியல் நான் அஞ்சியதைவிட நீளமாக இருந்தது. அவற்றின் காலத்தை அதிகபட்சமான 14 நாட்களுக்கு உயர்த்தினோம். எக்செல் கோப்பைக் கொண்டு இதைச் செய்திருக்கவே முடியாது.

ஒரு வரிசையைப் படிப்பது எது என்ற விவரம், லாம்டா செயல்பாடுகளைப் (அமேசான் கிளவுடே இயக்கும் சிறு நிரல்களைப்) பொறுத்தவரை எளிதாகக் கிடைக்கிறது, ஏனெனில் வரிசைக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள இணைப்பு கிளவுடிலேயே பதிவாகியிருக்கிறது. நிரலுக்குள்ளிருந்து நேரடியாக எழுதும், படிக்கும் செயலிகளைக் கண்டுபிடிப்பது கடினம். அங்கே அனுமதிக் கொள்கைகளைப் பார்த்து ஊகிக்கிறோம், பிறகு குழுவிடம் கேட்டு உறுதி செய்கிறோம்.

மற்ற இரு கிளவுட்களில் எங்கள் பயன்பாடு குறைவு. மைக்ரோசாஃப்டின் அசூர் சர்வீஸ் பஸ்ஸில் டெட் லெட்டர் பகுதி ஒவ்வொரு வரிசைக்குள்ளும் உடனிணைந்தே வருவதால் தனி உறவு தேவைப்படவில்லை. கூகுள் பப்சப்பில் 31 நாட்கள் செயலற்றிருக்கும் சந்தா (செய்திகளைப் பெறுவதற்கான பதிவு) இயல்புநிலையில் தானாகவே காலாவதியாகிவிடும். அதை யாரோ அழித்துவிட்டதாக எண்ணி இருமுறை விசாரணை நடத்திய பிறகே இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தோம்.

தினசரி ஸ்கேனோடு, வரிசை உருவாக்கப்படும்போதும் நீக்கப்படும்போதும் அமேசானின் செயல் பதிவேடான கிளவுட்டிரெயிலில் பதிவாகும் நிகழ்வுகளையும் இப்போது பயன்படுத்துகிறோம். புதிய வரிசை சில நிமிடங்களில் சி.எம்.டி.பி.க்கு வந்துவிடுகிறது. உரிமையாளர் டேக் இல்லாமல் வரும் வரிசைக்கு அன்றே கேள்வி போகிறது. அன்றே கேட்டால் பதில் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உருவாக்கியவருக்கே நினைவிருப்பதில்லை.

நாங்களே கன்டெய்னர்களில் நடத்தும் ரேபிட்எம்கியூ என்ற வரிசை மென்பொருளின் வரிசைகள் இன்னும் பதிவேட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. 5672 போர்ட்டில் ஒரு சேவை ஓடுகிறது என்பது வரை மென்பொருள் காண்கிறது, உள்ளே எத்தனை வரிசைகள் என்பது அதற்குத் தெரிவதில்லை. மேலாண்மை ஏ.பி.ஐ. வழியாக அவற்றைப் படிக்கும் நிரலை இந்த மாதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.