டார்க் சன் பாலைவனத்துக்கு எந்த இனம் பொருந்தும்? பல வருட விளையாட்டுக்குப் பிறகு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக, டிஎஸ்ஆர் நிறுவனம் 1991இல் வெளியிட்ட டார்க் சன் என்கிற கதையுலகப் பெட்டியைத்தான் எங்கள் குழு பல வருடங்களாக விளையாடி வருகிறது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். அதாஸ் என்கிற அந்த உலகத்தில் மந்திரம் மண்ணின் உயிரை உறிஞ்சிவிட்டது. இரும்பு அரிது, காசு கூடச் சுட்ட மண்தான். அங்கே ஒரு பாத்திரத்தின் இனம் (எல்ஃப், டுவார்ஃப் மாதிரி) பொருந்துமா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றே: இந்தப் பாலைவனம் அவர்களை என்ன ஆக்கியிருக்கிறது?

எல்ஃப்தான் இதற்குச் சிறந்த பதில். மற்றக் கதைகளில் வரும், கூர்க்காதுடன் காட்டில் பாட்டுப் பாடும் எல்ஃப் இங்கே கிடையாது. ஏழடி உயரம், நாடோடிக் கூட்டம், வியாபாரமும் திருட்டும் தொழில். சவாரி செய்வதை இழுக்காக நினைத்து, மணலில் நாள் முழுக்க ஓடுவார்கள். எங்கள் ஆட்டத்தில் ஒரு முறை மற்ற எல்லாரும் காங்க் என்கிற சவாரிப் பூச்சி மீது ஏறிவிட, எல்ஃப் மட்டும் கூடவே ஓடி வந்தாள். சாயங்காலம் தண்ணீர்ப் பையை நீட்டியபோது, முதலில் நீங்கள் குடியுங்கள் என்று மறுத்துவிட்டாள். அன்றைக்குப் பிறகுதான் அவளைக் குழு நம்பத் தொடங்கியது.

தண்ணீர்க் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனித அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது பழைய விதி. ஹாஃப்-ஜயண்ட் என்கிற பாதி ராட்சதனுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். சண்டையில் அவன் பெரிய பலம்தான், ஆனால் அடுத்த கிணறு வரை போய்ச் சேர்வோமா என்கிற கேள்வியை அவனே கொண்டுவருகிறான். நேர் எதிர் த்ரி-க்ரீன். கும்பிடுபூச்சி மாதிரி பூச்சி இனம், நான்கு கை, கொஞ்சம் தண்ணீர் போதும், தூக்கமே கிடையாது. அதனால் இரவுக் காவல் என்கிற பதற்றம் ஆட்டத்திலிருந்து போய்விடும். அதை ஈடுகட்ட அதன் வேட்டைப் புத்தியை நன்றாக விளையாட வேண்டும். கூட்டத்தில் இருப்பவர்களைத் தன் வேட்டைக் குழுவாக நினைக்கும் என்பது அழகான விஷயம்.

மனிதனுக்கும் டுவார்ஃப் என்கிற குள்ளனுக்கும் பிறக்கும் மல், அடிமைச் சந்தைக்காகவும் கிளாடியேட்டர் சண்டை அரங்குக்காகவும் உருவாக்கப்பட்டவன். சந்ததி கிடையாது. இந்த உலகத்தின் கொடுமை முழுவதும் ஒரே உடம்பில் இருப்பதால் எனக்கு மிகப் பிடித்த இனம் இதுதான். முடியே இல்லாத டுவார்ஃபும் நல்லது. எடுத்த காரியத்தை முடிக்காமல் செத்தால் பேயாக அலைவான் என்பதால், கதை தானாக நகரும்.

ஹாஃப்லிங் மனிதரைத் தின்னும், உருவத்தில் சிறிய காட்டு இனம். அவர்களைக் குழுவில் சேர்ப்பதைவிட மலைக்கு அப்பால் பயமாக வைத்திருப்பது மேல்.

மற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகங்களில் இருக்கும் க்னோம், ஓர்க் இனங்கள் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் மறுத்தே வருகிறேன். அந்த இனங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்பதுதான் அதாஸின் வரலாறே. ஒரு க்னோம் உயிரோடு வந்தால் அந்தப் படுகொலைக்கு அர்த்தம் போய்விடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்புக்காக 2010இல் வந்த டார்க் சன் புத்தகம், டிராகன்பார்ன் (டிராகன் உருவ மனிதர்), டீஃப்ளிங் (பேய் வழி வந்தவர்) போன்ற இனங்களுக்கும் இடம் கொடுத்தது. எனக்கு அது ஒட்டவில்லை.

மூன்று பேர் புதிதாகத் தொடங்கினால் ஒரு மல், ஒரு எல்ஃப், ஒரு த்ரி-க்ரீன் எடுங்கள். த்ரி-க்ரீனுக்கு எல்ஃப் இறைச்சி ரொம்பப் பிடிக்கும். அதை எந்த அளவுக்குக் கொண்டுபோவது என்று அந்த இருவரும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.