சேலத்துல முதல்முதலா மீன் தொட்டி வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

கடை பேரு போடமாட்டேன், இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. ஏன்னா இது ஒரு கடை சமாச்சாரம் இல்ல. நான் விசாரிச்சு பாத்ததுல தெரிஞ்சவங்க பாதி பேருக்கு வேற வேற ஏரியால வேற வேற கடையில இதேதான் நடந்திருக்கு. புதுசா வர்றவங்களுக்கு தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல சேத்து வித்து அனுப்பறாங்க பாருங்க, அது தெரியாம பண்றது இல்லைங்க. அந்த மீன் ஒரு மாசம் தாங்காதுன்னு தெரிஞ்சேதான் கவர்ல புடிச்சு குடுக்கறாங்க. செத்தாதானே அடுத்த மீனு, அடுத்த மருந்து பாட்டில்.

நம்ம ஊர்ல யாரும் படிச்சு தெரிஞ்சுக்கிட்டு மீன் வளர்க்க வர்றதில்ல. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு போயிட்டு அப்படியே பொருட்காட்சிக்குள்ள நுழைஞ்சா புள்ளைங்க கையில ஒரு கவர் தண்ணியும் ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷும் வந்துரும், இல்லன்னா டாக்டர் கிளினிக்ல வெயிட் பண்றப்ப தொட்டிய பாத்து புள்ள அடம் புடிக்கும், அதுவும் இல்லன்னா ஜோசியர் சொல்லுவாரு. எங்க வீட்டுல மூணும் சேந்துக்கிச்சு. பையன் நச்சரிச்சுட்டே இருந்தான், நாத்தனார் ஒருபக்கம் "ஈசானி மூலையில மீன் தொட்டி வைங்க அண்ணி, வீட்டுக்கு நல்லது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க, சரின்னு ஒரு ஞாயித்துக்கிழம கிளம்பி போனோம்.

கடைக்காரரு நல்லா வாய் நிறைய பேசறாரு. "முத தடவையாக்கா? அப்ப இந்த செட்டு எடுத்துக்கங்க, ஒன்றரை அடி, அம்பது லிட்டரு, தாராளமா பன்னெண்டு மீன் விடலாம்." தொட்டி, மூடி, லைட்டு, ஃபில்டரு, கலர் கல்லு, ஒரு பிளாஸ்டிக் செடி, வாய திறந்து திறந்து மூடற ஒரு பொம்மை, எல்லாம் சேத்து மூவாயிரத்து எண்ணூறு. மீனு தனி. நான் கேட்டேன், "ஏங்ண்ணா, தண்ணி ஊத்துன உடனே மீன் விடலாமா, ஒண்ணும் ஆகாதா?" அதுக்கு அவரு ஒரு சின்ன பாட்டில எடுத்து வச்சு, "இந்த ஆன்டி குளோரின் நாலு சொட்டு விடுங்க, அரை மணி நேரத்துல விட்ரலாம். போர் தண்ணியா இருந்தா இது கூட வேணாம்"னாரு.

மொதல்ல அந்த அம்பது லிட்டர் கணக்கு. வீட்டுக்கு வந்து டேப்பு வச்சு அளந்தா 45 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 30 உயரம். மூணையும் பெருக்கி ஆயிரத்தால வகுங்க, 33.75 லிட்டர். அதுலயும் அடியில கல்லு, மேல ரெண்டு விரக்கட காலி, உண்மையா நிக்கற தண்ணி முப்பது கூட வராது. கடையிலயே அளந்து பாக்கலாம்ங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, சொன்னா அங்க வாங்காதீங்க.

அந்த முப்பது லிட்டருக்குள்ள அவரு அனுப்பி வச்சது என்னன்னு கேளுங்க. கோல்டு ஃபிஷ் நாலு, ஏஞ்சல் ஒரு ஜோடி, ரோஸ் கலர்ல ஊதா கலர்ல விடோ டெட்ரா நாலு, "தொட்டிய இதே க்ளீன் பண்ணிக்கும், நீங்க கையே வைக்க வேணாம்"னு சொல்லி சக்கர் ரெண்டு. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீனு, சாப்பிடறதும் ஜாஸ்தி கழிக்கறதும் ஜாஸ்தி, ஒழுங்கா வளந்தா உள்ளங்கைய தாண்டி போகும். ஏஞ்சல் தென் அமெரிக்கா வெதுவெதுப்பு தண்ணி மீனு. ரெண்டையும் ஒண்ணா விடவே கூடாதாம். சக்கர் இருக்கு பாருங்க, விரல் நீளத்துல குடுத்தாங்களே, அது ஒரு அடிக்கு மேல வளர்ற சாதி. பாசிய சொரண்டும், ஆனா மத்த மீனோட கழிவ திங்காது, அதுவே வண்டி வண்டியா போட்டு வைக்கும். க்ளீனர்னு வாங்கினது இருக்கறதுலயே பெரிய அழுக்கு பார்ட்டி!

அந்த கலர் டெட்ரா விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறல. விடோ டெட்ரா இயற்கையில வெள்ளி உடம்பும் கருப்பு பட்டையும் உள்ள மீனு. அதுல வெளுத்த ரகத்த எடுத்து சாயம் ஏத்தி ரோசு, ஊதா, பச்சைன்னு விக்கறாங்க. கண்ணாடி மீனுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஊசியிலயே போடறாங்க. கொஞ்ச நாள்ல கலர் வெளுத்துரும், அது வரைக்கும் மீனு தாங்குனா. பையன் வந்து "அம்மா, பிங்க் மீனு வெள்ளையாயிட்டு வருது"ன்னான். நான் கடைக்காரருக்கு போன் போட்டு கேட்டேன், "சூடு ஒத்துக்கலக்கா, அதான்"னு ஒரே போடு. சேலம் வெயில்னா எதுக்கு வேணா காரணம் சொல்லிக்கலாம் போல.

மூணாவது நாள்லயே மீனெல்லாம் மேல வந்து ஃபில்டர் தண்ணி விழற எடத்துல வாய வாய பொளந்துட்டு நின்னுச்சு. கோல்டு ஃபிஷ்ஷோட செவுளு ஓரம் ரத்தம் கட்டுன மாதிரி செவந்திருந்துச்சு, துடுப்ப விரிக்கவே இல்ல, உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு ஒரு மூலையில சாஞ்சு நின்னுச்சு. காலையில பாத்தா ஒண்ணு மிதக்குது, அதோட வால ஏஞ்சல் கடிச்சிட்டு இருக்கு. அடுத்த நாள் இன்னும் ரெண்டு.

கடைக்கு போனா அவரு அதிர்ச்சி எல்லாம் ஆகல, கைய நீட்டி ஷெல்ஃபுல இருந்து எடுக்கறாரு. நீல மருந்து ஒண்ணு, "ஸ்ட்ரெஸ்ஸுக்கு" ஒண்ணு, அக்வாரியம் சால்ட்டுன்னு ஒரு பாக்கெட்டு. அந்த சால்ட்டு சாதா கல்லுப்புங்க, நம்ம ஊறுகாய்க்கு போடறது, பாக்கெட்ல மீன் படம் போட்டா எம்பது ரூவா. அப்புறம் ஒரு உபதேசம்: "வாரம் ஒருக்கா மொத்த தண்ணியும் எடுத்துருங்கக்கா, கல்லெல்லாம் பைப்புல நல்லா அலசிருங்க, ஃபில்டர் பஞ்ச சோப்பு போடாம கசக்கி தொவச்சிருங்க, பளிச்சுனு இருக்கணும்." கூடவே போறப்ப, "மீன் செத்தா மனசு கஷ்டப்படாதீங்க, வீட்டுக்கு வர இருந்த கெட்டத அது வாங்கிக்கிச்சு"ன்னாரு. எங்க மாமியார் அத கேட்டு கைய எடுத்து கும்புட்டாங்க. எம்புட்டு அழகான வியாபாரம் பாருங்க, செத்த மீனுக்கு நன்றி சொல்லிட்டு புது மீனு வாங்கிட்டு வரணும்.

இப்படியே கொஞ்ச நாள் ஓடுச்சு. அலசறது, சாகறது, வாங்கறது. அப்புறம் என் தம்பியோட காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தரு, அஸ்தம்பட்டி பக்கம் வீடு, வீட்டுல தண்ணிச்செடி வளர்க்கற மீன் தொட்டி வச்சிருக்காரு, அவரு ஒரு டெஸ்ட் கிட்டோட வந்தாரு. தொட்டி தண்ணிய சின்ன கண்ணாடி டியூப்ல எடுத்து ரெண்டு மருந்து சொட்டு விட்டு குலுக்கி வச்சாரு. அம்மோனியா இல்லன்னா மஞ்சளா நிக்கணுமாம். அஞ்சு நிமிசத்துல கீரை கடஞ்ச மாதிரி பச்சையா ஆயிடுச்சு. "அக்கா, இதுல நீங்க மருந்து எத்தன ஊத்தினாலும் நிக்காது, நோயே இல்ல, விஷம்தான் இருக்கு"ன்னாரு.

அவரு சொன்னத எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், இதுதான் இந்த பதிவுல முக்கியமானது. மீனு கழிக்கறதுல, செவுள் வழியா விடறதுல, மிச்சம் கெடக்கற தீனி அழுகறதுல எல்லாம் அம்மோனியா வரும். அத திங்கறதுக்கு ஒரு பாக்டீரியா இருக்கு, அது அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷந்தான், அத இன்னொரு பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும், அது அவ்வளவு கெடுதல் பண்ணாது, அப்பப்ப கொஞ்சம் தண்ணி மாத்தினா போயிரும். இந்த ரெண்டு பாக்டீரியாவும் தண்ணியில மிதக்கறத விட ஃபில்டர் பஞ்சுலயும் கல்லுலயும்தான் ஒட்டிட்டு வாழும். புது தொட்டியில அது கெடையவே கெடையாது, தானா வளந்து செட்டாக சாதாரணமா நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அது வரைக்கும் ஒரே நாள்ல பன்னெண்டு மீன கொட்டினா எல்லாம் அதுங்க கழிவுலயே வெந்து சாக வேண்டியதுதான்.

இப்ப கடைக்காரரு குடுத்த உபதேசத்த திருப்பி படிங்க. வாராவாரம் மொத்த தண்ணி, கல்ல அலசு, பஞ்ச பைப்பு தண்ணியில தொவை. கார்ப்பரேஷன் காவேரி தண்ணியில குளோரின் இருக்கும், அதுல பஞ்ச தொவச்சா வளந்துட்டு இருக்கற கொஞ்ச நஞ்ச பாக்டீரியாவும் காலி. அந்த நீல மருந்து, மெத்திலின் ப்ளூ, அதுவும் அந்த பாக்டீரியாவ பாதிக்கும். ஆக தொட்டி எத்தன மாசம் ஆனாலும் முத நாள் தொட்டியாவே இருக்கும், மீனு செத்துட்டே இருக்கும். இருபது வருசமா கடை வச்சிருக்கேன்னு அவரே சொன்னாரு. இருபது வருசத்துல இது ஒருத்தருக்கு தெரியாம இருக்குமா? அவரு கடையில இருக்கற தொட்டிங்கள கவனிங்க, பஞ்சு பழுப்பா அழுக்காதான் இருக்கு, அவரு ஒரு நாளும் பைப்புல தொவைக்கறதில்ல.

"போர் தண்ணின்னா ஒண்ணும் வேணாம்"னாரே, அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. நம்ம பக்கம் வெள்ளக்கல்லு பூமி, நிறைய எடத்துல போர் தண்ணி கடினத் தண்ணி, வாட்டர் ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியறத பாத்திருப்பீங்க. அந்த மாதிரி தண்ணியில பொதுவா பிஹெச், அதாவது தண்ணியோட அமிலம் காரம் காட்டற அளவு, ஜாஸ்தி, பிஹெச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் மோசமான விஷமாகும். சித்திரை வெயில்ல சேலத்துல கேக்கணுமா.

ஏற்காட்டுல இருக்கற எங்க சின்ன மச்சாண்டாருக்கு இதே கடையில வேற மாதிரி நாமம் போட்டாங்க. பீட்டா ஒண்ணும் நியான் டெட்ரா ஒரு பத்தும் குடுத்து, "மலையில ஹீட்டரெல்லாம் எதுக்குண்ணா, மீனுக்கு குளிர்ச்சிதான் நல்லது"ன்னு அனுப்பிட்டாங்க. இருபது கொண்டை ஊசி வளைவுலயும் கவர மடியில வச்சு குலுங்காம கொண்டு போனாரு மனுசன். பீட்டா தாய்லாந்து பக்கத்து மீனு, 25 டிகிரிக்கு மேல தண்ணி இருந்தாதான் சுறுசுறுப்பா இருக்கும், மார்கழி ராத்திரி ஏற்காட்டுல எம்புட்டு குளிருன்னு அங்க இருக்கறவங்கள கேளுங்க. நியான் மேலெல்லாம் ரவை தூவுன மாதிரி வெள்ளப்புள்ளி வந்து வரிசையா போச்சு. போன் பண்ணா அவருக்கும் அதே நீல மருந்த பஸ்ல குடுத்து விடறேன்னாங்களாம்.

பில்லு கேட்டேன். துண்டு சீட்டுல "ஃபிஷ் ஐட்டம்"னு எழுதி மொத்த தொகை போட்டு குடுத்தாரு, தேதி கூட இல்ல. இன்னொரு தடவ கேட்டதுக்கு "மீனுக்கு யாருக்கா பில்லு போடுவாங்க"ன்னு சிரிச்சாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல பில்லு குடுக்காம இருக்கறதே முறையற்ற வணிகம்னு போட்டிருக்கு, அதனால மீனுக்கும் கேட்டு வாங்குங்க, தொட்டி எத்தன லிட்டர்னும் அதுலயே எழுதச் சொல்லுங்க. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், நான் அதுல புகார் பதிஞ்சு வச்சிருக்கேன், அந்த துண்டு சீட்ட போட்டோ எடுத்து அதுதான் ஆதாரம். எனக்கு மீனு காசு பெருசில்ல, அம்பது லிட்டர்னு பொய் சொல்லி வித்ததுக்கு பதில் சொல்லணும்.

நல்ல கடைக்காரங்களும் இருக்காங்க, அத சொல்லாம விட்டா பாவம். ஃபிரெண்டு சொன்ன ஒரு கடையில போய், "தொட்டி இருக்கு, மீன் வேணும்"னு கேட்டதுக்கு "தண்ணி டெஸ்ட் பண்ணீங்களா மேடம், ஒரு பாட்டில்ல கொண்டு வாங்க பாத்துட்டு தரேன்"னு சொல்லி வெறுங்கையோட திருப்பி அனுப்பிட்டாரு. எனக்கு அன்னிக்கு கோவம் கூட வந்துச்சு. அவருகிட்ட சரக்கு கொளத்தூர்ல இருந்து வருதாம், நம்ம மேட்டூர் பக்கத்து கொளத்தூர் இல்ல, சென்னை கொளத்தூரு, அங்கதான் கலர் மீனு பெரிய மார்க்கெட்டு. வந்தவுடனே விக்காம தனித்தொட்டியில ஒரு வாரம் வச்சு பாத்துட்டுதான் வெளிய எடுக்கறாரு. நீங்க கடைக்கு போனா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "தொட்டி இன்னிக்கு எடுத்துக்கறேன், மீனு எப்ப வாங்கலாம்?" இப்பவே எடுத்துட்டு போங்கன்னா செருப்ப மாட்டிட்டு கிளம்பிருங்க.

இப்ப எங்க தொட்டியில, மொதல்ல மீனே இல்லாம தெனம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, அது அழுகி அந்த பாக்டீரியா வளரட்டும்னு விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் சுழின்னு டெஸ்ட்ல வந்த பிறகு கப்பி மீனு அஞ்சு விட்டிருக்கோம், கடினத் தண்ணி அதுக்கு நல்லா ஒத்துக்குது, குட்டி போட்டிருக்கு. வாரம் கால்வாசி தண்ணி மட்டும் மாத்தறேன், எடுத்த அந்த பழைய தண்ணியிலயே பஞ்ச லேசா பிழிஞ்சு திருப்பி வச்சிருவேன். பக்கெட்ல ஒரு நாள் தொறந்து வச்ச தண்ணிதான் ஊத்தறது.

ஒரு சக்கர் மட்டும் சாகாம நின்னுருச்சு, இப்பவே அரை அடி இருக்கு, தற்சமயம் சிமென்ட் தொட்டியில கெடக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் மூக்கனேரியில விட்ருங்கங்கறாரு, அது கூடவே கூடாது, ஏரியில விட்டா நம்ம நாட்டு மீனுக்கு எடமில்லாம பண்ணிரும், ஏற்கனவே நாட்டுல பல ஏரி ஆத்துல இது பரவிக் கெடக்கு. நாலடிக்கு மேல தொட்டி வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, காசு வேணாம், அம்மாபேட்டை வந்து எடுத்துக்கணும், மூடி போட்ட பக்கெட் கொண்டாங்க, துள்ளும்.