ஓஸ்லோவில் நிற்கும் ஃபிராம்: துருவத்தைத் தொடாத கப்பலும் அது கொண்டுவந்த கணக்கேடுகளும்

ஓஸ்லோ நகரை ஒட்டிய பிக்டோய் தீபகற்பத்தில், கூரை இருபுறமும் தரை வரை சரிந்து இறங்கும் ஒரு முக்கோணக் கட்டடத்துக்குள், ஃபிராம் என்னும் மரக்கப்பல் பாய்மரக் கம்பங்களோடு முழுதாக நிற்கிறது. 1936-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் கப்பலைக் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்கச் சொல்வதில்லை. மேல்தளத்தில் நடக்கலாம், படியிறங்கி அறைகளுக்குள்ளும் அடிவயிறு வரையும் போய்வரலாம். துருவப் பயணங்களைப் பற்றி ஓரளவு படித்தவர்களுக்கும், குறிப்பாகக் கடலியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கும், அந்நகரில் ஒரு முற்பகல் மட்டுமே கையில் இருந்தாலும் அதை இங்கே செலவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் எதைப் பார்க்க வந்தோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இதைச் சொல்வதற்கு என் அனுபவமே காரணம். முதல் முறை, நகரில் சுற்றுலா நடத்தும் ஒரு நிறுவனத்தின் வழிகாட்டியோடு வந்தேன். துருவத்தை யார் முதலில் அடைந்தார், யார் தோற்றார் என்ற கதை முக்கால் மணி நேரம் ஓடியது. கப்பலுக்குள் நாங்கள் நின்றது பத்து நிமிடம்கூட இருக்காது. 1893 முதல் 1896 வரை இந்தக் கப்பல் பனியில் உறைந்து மிதந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், அந்தப் பயணத்தின் தலைவரான நார்வே ஆய்வாளர் நான்சென் துருவத்தை அடையவில்லை என்பது மட்டும்தான். மறுநாள் தனியாகத் திரும்பி வந்தேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாம் வருகையைப் பற்றியது.

முன்முனையின் அருகே கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கப்பலின் வடிவம் முதலில் வியப்பைத் தரும். சுமார் 39 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டர் அகலம். அடிப்பக்கம் தேங்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்க்காமல் வைத்ததைப் போல உருண்டு கிடக்கிறது. 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கிய ஜீனெட் என்ற கப்பலின் பொருள்கள், மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் பனிப்பாளத்தின் மேல் கண்டெடுக்கப்பட்டன. அவை துருவக் கடலைக் கடந்து மிதந்து வந்திருக்க வேண்டும் என்று வானிலையியலாளர் ஹென்ரிக் மோன் எழுத, அதைப் படித்த ஃபிரித்யாஃப் நான்சென், பொருள்கள் வந்த வழியில் ஒரு கப்பலும் வரலாமே என்று எண்ணினார். பனி இறுக்கும்போது எதிர்த்து நிற்காமல், பிடியிலிருந்து வழுக்கி மேலெழும் கப்பல் வேண்டும் என்று அவர் கேட்க, காலின் ஆர்ச்சர் அதை வடிவமைத்து லார்விக்கில் கட்டினார். சுக்கானையும் உந்துவிசிறியையும் பனி கடித்துவிடாதபடி மேலே தூக்கிக்கொள்ளக் கிணறு போன்ற இரு வழிகள் உண்டு. திறந்த கடலில் இந்த உருண்டை அடி கப்பலைத் தொட்டிலாக ஆட்டியது என்பதும், நான்சென் உட்படப் பலரும் குமட்டலில் அவதிப்பட்டார்கள் என்பதும் வேறு கதை.

உள்ளே இறங்கும்போது நடுத்தர உயரம் உள்ளவரும் தலையைக் குனிய வேண்டியிருக்கும். பக்கச் சுவரின் கனம் 70 சென்டிமீட்டருக்குக் குறையாது. அடிவயிற்றில் குறுக்கும் சாய்வுமாக முட்டுக்கொடுத்து நிற்கும் உத்தரங்களைக் கையால் தொட்டுப் பார்த்தபோதுதான், மூன்று குளிர்காலம் பனி இறுக்கியும் ஒரு விலாகூட ஏன் நொறுங்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. கூடத்தைச் சுற்றிச் சிறு அறைகள். தார் பூசிய கம்பளி, தக்கை, கலைமான் மயிர் என்று அடுக்கடுக்காகக் குளிரைத் தடுத்திருக்கிறார்கள். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: 1898-இல் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் தலைமையில் இரண்டாம் பயணம் புறப்படுவதற்கு முன் கப்பலில் மாற்றங்கள் செய்யப்பட்டன, ரோல்ட் அமுண்ட்சென் 1910-இல் தென்துருவத்தை நோக்கிச் செல்வதற்கு முன் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். ஆகவே இன்று நாம் பார்ப்பது நான்செனின் பயணத்தில் 13 பேர் வாழ்ந்த அதே உட்புறம் என்று கொள்ளக் கூடாது; மூன்று பயணங்களின் தடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கப்பல் இது.

அந்த 13 பேரில் நான் அதிகம் நினைத்துக்கொண்டது சிகுர்ட் ஸ்காட் ஹான்சென் என்ற இளம் கடற்படை அதிகாரியை. வானிலை, காந்தம், வானியல் ஆகிய மூன்று அளவீடுகளும் அவர் பொறுப்பு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், மேலே போய் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் படித்து ஏட்டில் எழுத வேண்டும். விண்மீன்களைப் பார்த்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். மாதக்கணக்கில் சூரியனே எழாத இருட்டில், பாதரசம் உறையும் குளிரில், இதைத் தவறாமல் செய்தார்கள். 1895 மார்ச்சில் நான்செனும் யால்மர் யோஹான்செனும் நாய் வண்டிகளோடு துருவத்தை நோக்கி நடந்து, வட அகலக்கோடு 86 பாகை 14 கலை வரை போய்த் திரும்பியதைத்தான் உலகம் கொண்டாடியது. கப்பலில் தங்கியவர்களின் ஏடுகள் அறிவியலுக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காற்று அடிக்கும் திசையில்தான் பனி நகரும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்த நான்சென், பனி காற்றின் திசையிலிருந்து 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கம் விலகிச் செல்வதைக் கண்டார். பூமி சுழல்வதுதான் காரணம் என்று ஊகித்தார். மேல் நீர் தனக்குக் கீழே உள்ள நீரை இழுக்கும், அது இன்னும் சற்று வலப்பக்கம் திரும்பும், அதற்கும் கீழே உள்ளது இன்னும் திரும்பும் என்றும் நினைத்தார். இதைக் கணிதமாக்கித் தரும்படி இயற்பியலாளர் வில்ஹெல்ம் பியர்க்னெஸிடம் கேட்க, அவர் தம் மாணவர் வாக்ன் வால்ஃபிரிட் எக்மனிடம் கணக்கை ஒப்படைத்தார். ஆழம் கூடக்கூட நீரோட்டம் திசை திரும்பி, வேகம் குறைந்து, சுழற்படிக்கட்டைப் போல இறங்கும் அந்த அமைப்பு இன்று எக்மன் சுருள் எனப்படுகிறது. மொத்தத்தில் நீர் காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது என்பது அதன் விளைவு. கரையோரக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளும்போது அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுவதும், அங்கே மீன் பெருகுவதும் ஏன் என்பதற்கு விளக்கம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. கடலியல் படிக்கும் எந்த மாணவரும் இந்தச் சமன்பாட்டைத் தாண்டிப் போக முடியாது; அதன் வேர் இந்தக் கூடத்தில் எழுதப்பட்ட எண்களில் இருக்கிறது.

ஆழம் அளந்த கதை இன்னும் சுவையானது. வடதுருவக் கடல் ஆழமற்றது என்ற நம்பிக்கையில் கொண்டுபோன கயிறு அடியைத் தொடவே இல்லை. கப்பலிலிருந்த எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, இழைகளை மீண்டும் முறுக்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் புதிய அளவைக் கயிறு திரித்தார்கள். அதையும் பனியின் மேல் நின்று, கடும் குளிரில். 3,000 மீட்டருக்கும் மேல் இறங்கிய பிறகே தரை தட்டியது. துருவத்தைச் சுற்றி நிலமோ ஆழமற்ற கடலோ இருக்கக்கூடும் என்ற பழைய ஊகங்கள் அந்தக் கயிற்றோடு மூழ்கின.

வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையையும் அளந்தபோது, உறைநிலையில் இருந்த மேல்நீருக்குக் கீழே, ஏறத்தாழ 200 மீட்டரைத் தாண்டியதும், சுழியத்துக்கு மேலான வெப்பமுள்ள நீர் அடுக்கு ஒன்று இருப்பது தெரிந்தது. அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே வரும் உப்பு மிகுந்த நீர் கனத்தால் கீழே போய்விடுகிறது. மேலே படர்ந்திருக்கும் உப்புக் குறைந்த நீர், பனியை அந்த வெப்பம் தீண்டாமல் காக்கிறது. இன்று துருவப் பனி குறைவதைப் பற்றிப் பேசும்போது இந்த அடுக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எல்லா அளவும் சரியாக இருந்தன என்றும் சொல்லிவிட முடியாது: ஆழ்நீரின் உப்புத்தன்மையைக் கணித்ததில் துல்லியம் போதவில்லை. இந்தக் குறையே நான்செனைக் கருவிகளின் பக்கம் திருப்பியது. பின்னாளில் அவர் பெயரால் வழங்கிய குப்பியை வரிசையாகக் கம்பியில் கட்டி இறக்கி, மேலிருந்து ஒரு எடையை நழுவவிட்டால், அது தலைகீழாகக் கவிழ்ந்து அந்த ஆழத்தின் நீரை அடைத்துக்கொள்ளும். கூடவே கவிழும் வெப்பமானியில் பாதரச இழை அறுந்து, அங்கிருந்த வெப்பநிலை அப்படியே நின்றுவிடும். மின்னணுக் கருவிகள் வரும் வரை உலகின் ஆய்வுக் கப்பல்கள் இதை நம்பியே இயங்கின.

பனியில் நுழைவதற்கு முன்பே, 1893 ஆகஸ்டில், சைபீரியாவின் தைமீர் கரையோரம் கப்பல் காரணமின்றி ஊர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. மாலுமிகள் அதைச் செத்த நீர் என்பார்கள். உப்புநீரின் மேல் நன்னீர் மெல்லியதாகப் படர்ந்த இடத்தில், கப்பலின் விசை அடுக்குகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத அலைகளை எழுப்பியே தீர்ந்துபோகிறது என்பதை, தொட்டியில் சிறு படகுகளை ஓட்டி எக்மனே பின்னர் காட்டினார்.

1900 முதல் 1906 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்த அளவீடுகள் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2006-இல் தாரா என்ற பாய்மரக்கப்பலும், 2019-இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலும் வேண்டுமென்றே பனியில் உறைந்து மிதந்தன. இரண்டுக்கும் முன்மாதிரி இதுவே. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலான நீரிணைக்கு ஃபிராம் என்றே பெயர்.

அருங்காட்சியகத்தில் அமுண்ட்செனின் யோவா கப்பலும் இருக்கிறது. நேரம் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் குறையில்லை. கப்பலைச் சுற்றி ஒளியும் ஒலியும் எழுப்பும் காட்சி குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அது கவனத்தைக் கலைத்தது. நகர மையத்திலிருந்து 30-ஆம் எண் பேருந்து வருகிறது, கோடையில் படகும் உண்டு. குழுவோடு வராமல் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அடிவயிற்றிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். மேல்தளத்துக்கு வந்ததும் பின்புறம் போய், சுக்கான் தூக்கும் கிணற்றின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள்.