ஏழு வருடமாக என்னோடு சைட்டுக்கு வரும் கார்பன் கொப்பி

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடுகளும் சிறு விடுதிகளும் கட்டும் சைட்டுகளில் மேற்பார்வை வேலை எனக்கு. பிளானில் ஒன்று இருக்கும், மண்ணைத் தோண்டினால் வேறொன்று இருக்கும். அந்த மாற்றங்களைக் குறிக்க நான் பாவிப்பது மூன்றுதான்: இரட்டைப் பிரதி கார்பன் கொப்பி, அச்செடுத்த பிளானில் சிவப்புப் பேனை, ஃபோன் கமரா.

இந்தப் பழக்கம் ஒரு பிழையிலிருந்து வந்தது. நிலாவெளியில் ஒரு வீட்டுக்கு மலக்குழி வெட்டும்போது நாலடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது. குழியைப் பக்கவாட்டுக்கு மாற்றினோம், பைப்பும் திசை மாறியது. "தம்பி, நான் மறக்க மாட்டன், பிறகு எழுதுவம்" என்றார் மேசன் அண்ணை. அன்று பின்னேரமே மண் மூடியாயிற்று. இரண்டு வருடம் கழித்து மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது பிக்காசு நேராக அந்தப் பைப்பில் இறங்கியது. அண்ணை அப்போது கத்தாரில். "எங்கால போகுதெண்டு உங்களுக்கே தெரியாதா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு மூடப்போகும் எதையும் இரண்டு நிலையான மூலைகளிலிருந்து அளந்து எழுதுகிறேன். ஒரு மூலை போதாது, இரண்டு அளவும் சந்திக்கும் இடத்தில்தான் பொருள் இருக்கும். ஆழத்தை நில மட்டத்திலிருந்து எழுதவே கூடாது. முற்றத்துக்கு ஒரு லோட் மண் கொட்டினால் அந்த அளவு பொய்யாகிவிடும். நான் எடுப்பது வீட்டுத் தரை மட்டத்திலிருந்து. படம் எடுக்கும்போது டேப்பும் சுவர் மூலையும் சேர்ந்து தெரிய வேண்டும்.

ஜெல் பேனை வேண்டாம். மார்கழி மழையில் ஒரு பக்கமே கரைந்து போனது. போல்பொயின்ட் தாங்குகிறது, ஆனால் வெயில் படும் சுவரில் மாட்டிய பிளானில் சிவப்பு சீக்கிரம் வெளிறும். அதனால் சனிக்கிழமைகளில் வீட்டிலுள்ள இரண்டாவது பிளானிலும் வரைந்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த திகதி விவரமும் அதில் தங்காது. மூலப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள். எட்டு மாதம் ஒரு செயலியும் பாவித்தேன். பிளானிலேயே படத்தைப் பொருத்தலாம், அது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் சீமெந்துக் கையோடு நிற்பவர் அதில் கையெழுத்து வைக்கமாட்டார்.

கையெழுத்துதான் கொப்பியின் பலம். ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பின் 1999 கட்டுமான ஒப்பந்த மாதிரியான சிவப்புப் புத்தகத்தில், பொறியியலாளர் வாயால் சொன்னதை ஒப்பந்தக்காரர் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தி, பொறியியலாளர் அடுத்த இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அதுவே பணிப்புரையாகும். எங்கள் சின்ன வேலைகளில் அந்த ஒப்பந்தம் இல்லை, ஆனாலும் அதே ஒழுங்கில் அன்றன்றே ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன். கதவு, யன்னலுக்கு மேல் வரும் லின்டலை ஆறு அங்குலம் உயர்த்தச் சொல்லி ஃபோனில் வந்த பேச்சு ஒருமுறை பில் நேரத்தில் பிரச்சினையானது. பக்கத்தைக் காட்டினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

குறை என்றால் தேடுவதுதான். ஒரு சைட்டுக்கு மூன்று நாலு கொப்பி சேரும். முன் அட்டையில் பக்க எண்ணோடு அட்டவணை எழுதாவிட்டால் அரை நாள் போய்விடும்.

நாளைக் காலை உவர்மலையில் ஸ்லாப் கொங்கிரீட். கம்பிக்குள் போகும் வயர் பைப்புகளை இன்று பின்னேரமே படம் எடுத்துவிட்டேன். ஒன்று பிளானில் இல்லாத வழியால் போகிறது, அது 43ஆம் பக்கத்தில் இருக்கிறது.