முன்பிரேக் மேம்பாடு: பேட் போதுமா, பெரிய டிஸ்க்கா, முழு கிட்டா?

முன்பிரேக்கை மேம்படுத்த மூன்று வழிகள் உண்டு. கேலிப்பரைத் (பிஸ்டன்களால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தொடாமல் பேடையும் பிரேக் ஆயிலையும் மட்டும் மாற்றலாம். அதே காரின் வேகமான மாடலில் வரும் பெரிய டிஸ்க்கையும் கேலிப்பரையும் பொருத்தலாம். இல்லையென்றால் 4 அல்லது 6 பிஸ்டன் கொண்ட முழு கிட் வாங்கலாம். பின்னிரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் அளக்க வேண்டியது ரிம்மைத்தான். சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையில் பெட்டியைப் பிரித்து மாட்டிய பிறகு ரிம் கேலிப்பரில் இடித்தால், நான்கு ரிம்முக்கும் நான்கு டயருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிவரும்.

இப்போதே பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியென்றால் சக்கரத்தைப் பூட்டும் பலம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒரு நிறுத்தத்தின் தூரத்தைக் குறைக்க நல்ல டயர்தான் வழி. பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் திறன். தீவு விரைவுச்சாலையில் 90 கி.மீ. வேகத்துக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. ஆள் நிறைந்த காரில் மலேசியாவின் கெந்திங் மலை இறங்கும்போது தேவைப்படும். சிப்பாங் பந்தயத் தடத்தில் நீளமான இரண்டு நேர்ப்பாதைகளின் முடிவிலும் கட்டாயம் தேவைப்படும்.

பிரேக் சோர்ந்துபோவதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. மிதி பஞ்சுபோல் இறங்கினால் ஆயில் கொதித்து ஆவி சேர்ந்திருக்கிறது. மிதி கெட்டியாகவே இருந்து கார் நிற்க மறுத்தால் பேட் சூடு தாங்கவில்லை. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண் காட்டும்: டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், தடத்தில் ஓட்டுபவர் அதற்கு முன்பே. டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பந்தய பேடை அன்றாடக் காருக்குப் போடாதீர்கள். குளிர்ந்த நிலையில் பிடிக்காது, கத்தும், டிஸ்க்கை அரிக்கும். சாலைக்கான நல்ல பேடும் புது டாட் 5.1 ஆயிலும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ரிம் பிரச்சினையும் எழாது.

இரண்டாவது வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு சுபாரு. பழைய டபிள்யூஆர்எக்ஸின் 294 மி.மீ. டிஸ்க்குக்குப் பதிலாக, அதன் வேகமான மாடலான எஸ்டிஐயின் 326 மி.மீ. டிஸ்க்கும் பிரெம்போ கேலிப்பரும் போல்ட் மாறாமல் ஏறும். ஆனால் டிஸ்க் வாங்கும்போது கவனம் தேவை: பிற்கால எஸ்டிஐயின் டிஸ்க் 5×114.3 துளை (114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை) கொண்டது, 5×100 ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பாகம்) அது ஏறாது. இங்கே சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்து கழித்துக்கட்டும் கார்களிலிருந்து இத்தகைய பாகங்கள் கிடைக்கும். தூசி ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிஸ்டன் சீராக உள்ளே போகிறதா, காற்று எடுக்கும் நிப்பிள் திரும்புகிறதா என்று பாருங்கள். எப்படியும் புது சீல் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

முழு கிட் விஷயத்தில் பிஸ்டன் எண்ணிக்கை பலரை ஏமாற்றுகிறது. மிதவைக் கேலிப்பரில் உள்பக்கம் மட்டுமே பிஸ்டன் இருக்கும், கேலிப்பரே நகர்ந்து பிடிக்கும்: 57 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் என்றால் பரப்பு 2,552 சதுர மி.மீ. நகராமல் இருபக்கமும் பிஸ்டன் கொண்ட நிலையான 4 பிஸ்டன் கேலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்: 40 மி.மீ. பிஸ்டன் இரண்டு, 2,513. கிட்டத்தட்ட சமம்தான், கூடும் பலம் டிஸ்க்கின் ஆரத்திலிருந்து வருகிறது. இப்படிச் சமமாக வரும் கிட்தான் நல்ல கிட். பரப்பு மிகுதியாகக் கூடினால் மிதி ஆழம் போகும், முன்சக்கரம் சீக்கிரம் பூட்டும், பின்பிரேக் வேலையில்லாமல் கிடக்கும், நிற்கும் தூரம் கூடவும் செய்யும். விற்பவரிடம் பிஸ்டன் அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இனி ரிம். 17 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அளவு. உள்குழியின் விட்டம் அதைவிடக் குறைவு, ரிம்முக்கு ரிம் மாறும். ஆகவே "17 போதும்" என்ற வாய்வார்த்தையை நம்பாமல், கிட் தயாரிப்பாளரின் வார்ப்புருத் தாளை (கேலிப்பரின் வடிவம் வரைந்த தாள்) 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். தாளிலுள்ள அளவுகோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்மைக் குப்புறப் போட்டு, ஹப் உட்காரும் பரப்பில் அட்டையின் விளிம்பைப் பதித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கேலிப்பரின் மேற்புறத்துக்கும் உள்குழிக்கும் குறைந்தது 3 மி.மீ., கேலிப்பர் முகத்துக்கும் ஸ்போக்குக்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். நிலையான கேலிப்பரில் வெளிப்பக்கமும் பிஸ்டன் இருப்பதால் பெரும்பாலும் இடிப்பது ஸ்போக்கில்தான். ஸ்போக்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளையும் மறக்காதீர்கள். கேலிப்பர் கடக்கும் இடம் அதுவே.

ஸ்போக் இடித்தால் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டு) உதவும், உள்குழி இடித்தால் உதவாது. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் பரப்பு வரை உள்ள தூரம்) 45 என்பது 40 ஆகும், டயர் அந்த அளவு வெளியே வரும். மட்கார்டைத் தாண்டி நீட்டக் கூடாது. நட் குறைந்தது போல்ட்டின் விட்டமளவு மரையில் ஏற வேண்டும்: 12 மி.மீ. போல்ட், 1.5 மரை (மரை இடைவெளி 1.5 மி.மீ.) என்றால் 8 முழுச் சுற்று, 1.25 மரை என்றால் 10. ஸ்பேசரிலும் ஹப்பின் மைய வளையம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். மாற்றங்களுக்கான விதிகளை வாங்கும் முன்பே சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் படித்துவிடுங்கள்.

காரின் பின்பெட்டியில் கிடக்கும் சிறிய ஸ்பேர் சக்கரத்தையும் அதே அட்டையால் சோதியுங்கள். முன்னால் ஏறாவிட்டால், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் முன்டயர் பஞ்சரானதும் பின்சக்கரத்தை முன்னுக்கு மாற்றி, ஸ்பேரைப் பின்னால் போட வேண்டியிருக்கும்.

மாட்டும்போது ஹப் முகத்துத் துருவைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் கேஜால் பாருங்கள், 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா? கேலிப்பர் இடம் வலம் மாறினால் அது கீழே போய்விடும், காற்று எத்தனை முறை எடுத்தாலும் தீராது. செம்பு வாஷர்கள் புதியவையாக இருக்கட்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி பிரேக் ஆயில் ஓஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லையே என்று பாருங்கள். பிறகு பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, ஆளில்லாச் சாலையில் 60-லிருந்து 10 கி.மீ. வரை எட்டுப் பத்து முறை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின்மேல் மிதியை அழுத்திப் பிடித்து நின்றால் பேட் அங்கே ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் வரும் நடுக்கத்தை டிஸ்க் வளைந்ததாக நினைத்துப் புது டிஸ்க் வாங்குவார்கள்.