சல்லிக்கல்லில் போன சல்லி: ஹட்டனில் ஒரு டயர் கடை

நாலு மாதத்தில் ஐந்து தடவை காற்றுப் போன கார் என்னுடையது. 660 சிசி ஜப்பான் கார், நாலு பேர் ஏறினால் நோர்வூட் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். தினமும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மண்மேடு சரிந்த பிறகு எங்கள் பக்கத்து ரோடுகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணை அள்ளிவிட்டார்கள், ஆனால் அதோடு வந்த கூர்க்கல், உடைந்த கொங்கிரீட், தகரக் கூரையில் இருந்து கழன்ற ஆணி எல்லாம் ஓரத்தில் அப்படியே கிடந்தன. அதனால் முதல் தடவை முன் இடப்பக்க டயரில் ஆணி ஏறியபோது ரோட்டைத்தான் திட்டினேன். வழியில் இருந்த ஒரு கடையில் வெளியில் இருந்தே ஓட்டையில் ரப்பர் கயிறு குத்தி அடைத்து 500 ரூபா வாங்கினார்கள், ஐந்து நிமிட வேலை.

ஒரு வாரம் கழித்து அதே டயர் காலையில் சப்பையாக நின்றது. வேறொரு கடையில் இன்னொரு கயிறு, இன்னொரு 500. மூன்றாவது தடவை டிக்கோயாவில், இரவு எட்டு மணிக்கு, மழையில். இந்த மாதிரிச் சின்ன ஜப்பான் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லு கிடையாது என்பது தெரியும்தானே? அதற்குப் பதில் ஒரு குட்டி கொம்ப்ரஸரும் ஒரு போத்தல் பசையும் வைத்திருப்பார்கள். பசை போத்தலுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது என்பதை அந்த இரவில்தான் ஃபோன் வெளிச்சத்தில் வாசித்தேன், முடிந்து மூன்று வருடம். உள்ளே இருந்தது திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாக வந்தது. கொம்ப்ரஸரில் காற்று அடித்து, இரண்டு கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி மறுபடி அடித்து வீடு சேர்ந்தேன். நாலாவது தடவை நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான், விட்டுவிடுவோம்.

அப்போதுதான் கூட வேலை செய்கிற அண்ணன் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார். ஹட்டன் டவுனில் மெயின் ரோட்டை விட்டு இறங்குகிற சந்தில் இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை, டயர் அடுக்குதான் அடையாளம். பாஸும் அவருடைய மருமகனும் மட்டும். போனதும் நான் “பஞ்சர் பாஸ்” என்றேன். அவர் பதில் சொல்லாமல் சில்லைக் கழற்றி, ஒரு பழைய குளிக்கிற தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறார், அதில் முழுதாக அமுக்கினார். கயிறு குத்திய இரண்டு இடத்திலும் ஒரு குமிழிகூட வரவில்லை. குமிழி வந்தது ரிம் ஓரத்தில் இருந்து, வரிசையாக, முத்துக் கோத்த மாதிரி. வால்வைக் கொஞ்சம் வளைத்தபோது அங்கேயும் வந்தது.

“தம்பி, ஆணி எப்பவோ போயிட்டுது. குழியில அடிச்சு ரிம் நெளிஞ்சிருக்கு, உள்ளுக்குத் துரு. இதுக்கு எத்தனை கயிறு குத்தினாலும் காத்து நிக்காது” என்றார்.

டயரைக் கழற்றி, நான் ஊற்றிய தயிர்ப் பசையை எல்லாம் துடைத்து (அதற்கு ஒரு பார்வை பார்த்தார்), நெளிவைத் தட்டி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ஓரத்துக்குப் பசை பூசி, வால்வு புதிதாக மாற்றி, கயிறுகளை எடுத்துவிட்டு உள்பக்கமாக ஒட்டுப் போட்டுத் தந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1,800 ரூபா. அதற்கு முன் கயிற்றுக்கே கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது, சல்லிக்கல்லில் போனது டயர் மட்டுமில்லை, சல்லியும்தான்.

போகும்போது டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 1418. 2018 இல் 14 ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். கார் வாங்கும்போது “டயர் நாலும் நல்ல டயர்” என்று சொல்லித்தான் தந்தார்கள், பட்டனும் (ரோட்டில் படுகிற ரப்பர் வெட்டுகள்) ஆழமாகத்தான் இருந்தது, நானும் அதைத்தான் பார்த்தேன். ஆனால் மலைநாட்டில் நாங்கள் ஓடுகிற தூரம் கொஞ்சம், அதனால் பட்டன் தேய முதல் ரப்பர் கிழடாகிவிடுகிறது. ஓரத்தை மடித்துக் காட்டினார், மயிர் மயிராக வெடிப்பு. பின் இரண்டும் 2022, பரவாயில்லை. “முன் ரெண்டையும் மாத்தத்தான் வேணும், ஆனா இன்னைக்கே எடுக்கணும்னு இல்ல, சம்பளம் எடுத்துட்டு வாங்க” என்றார். டயர் விற்கிற ஆள் டயர் வாங்காதே என்று சொன்னதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

சம்பளத்துக்கு முன்பே போக வேண்டி வந்தது. மூன்று வாரத்தில், தோட்டத்து ரோட்டில் வண்டியில் இருந்து விழுந்த கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) ஒன்று, கத்தியால் சரித்து வெட்டிய முனை, அதே முன் டயரின் பக்கவாட்டில் ஏறியது. பட்டன் இருக்கிற இடத்தில் ஓட்டை என்றால் ஒட்டலாம், பக்கவாட்டில் ஒட்டவே கூடாது. ஓடும்போது மடிந்து நிமிர்கிற இடம் அது.

சரி, எந்த டயர்? என் அளவு 155/65 R14, டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது, காற்று எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கிறது. வேறொரு இடத்தில் “165/70 போடுங்க, கார் உயரும், கல்லில் அடிபடாது” என்று ஆசை காட்டியிருந்தார்கள். பாஸிடம் கேட்டேன். கொண்டை ஊசி வளைவில் முழுதாக ஸ்டியரிங் திருப்பினால் உள்ளே உரசும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன், டயரின் விட்டம் 557 மில்லிமீட்டரில் இருந்து 587 ஆகிறது, அதாவது மீட்டர் 60 காட்டும்போது நான் 63 இல் போய்க்கொண்டிருப்பேன். வேண்டாம்.

கடையில் பாவித்த ஜப்பான் டயரும் இருந்தது, பாதி விலை. திகதியைப் பார்க்கச் சொன்னார், என்னுடையதை விடக் கிழடு. விலை கூடிய வெளிநாட்டு டயர் ஒரு வருடத்துக்கு மேல் அடுக்கில் கிடந்தது. கடைசியில் இங்கேயே செய்கிற சியட் இரண்டு எடுத்தேன், செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இனியும் மிலாறு ஏறும், அப்போது அதே மாதிரி ஒற்றை டயர் ஹட்டனிலேயே கிடைக்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். இரண்டும் சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டியது, 2022 இல் டொலர் இல்லாமல் ஏறிய விலை இன்னும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

சண்டை வந்தது வேறு விஷயத்தில். முன் சில்லு இழுக்கிற கார், புது டயரை முன்னால் போடுங்கள் என்றேன். முடியாது, பின்னால்தான் என்றார். முன் பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், மழையில் இறக்கத்து வளைவில் பின் பக்கம் வழுக்கினால் கார் அப்படியே சுற்றிவிடும், அப்புறம் பள்ளம்தான் என்று விளக்கினார். டயர் செய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை முறுக்காமல், கையால் முறுக்கி முடித்தார், இரவில் ரோட்டில் நானே கழற்ற வேண்டும் என்றால் கழற்றலாம்.

குறைகளும் உண்டு. அலைன்மென்ட் இயந்திரம் இல்லை, அதற்கு வேறு கடைக்குப் போக வேண்டும். கார்ட் எடுக்க மாட்டார்கள். உட்கார ஒரே ஒரு பெஞ்ச், மழை சாரல் அடிக்கும். வண்டியைச் சந்துக்குள் பின்பக்கமாக இறக்குவதற்குத் தனித் தைரியம் வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் போகாதீர்கள், அதுவும் சிவனொளிபாதமலை சீசனில் சனிக்கிழமையும் போயா நாளும் போகவே போகாதீர்கள், கொழும்பு வேன்கள் வரிசையில் நிற்கும்.

காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பார்க்கச் சொன்னார். பத்துப் பாகை குளிர் கூடினாலே ஒன்றரை பிஎஸ்ஐ வரை குறையுமாம், பகல் வெயிலில் சரியாக இருப்பது விடியற்காலையில் குறைவாக இருக்கும். இப்போது ஞாயிறுதோறும் பார்க்கிறேன். இரண்டு மாதமாக ஒரு பஞ்சரும் இல்லை.

பழைய டயர் இரண்டையும் பெரியம்மா கேட்டார், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரைத் தகரம் காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே பாரமாக வைக்க. பாஸ் சும்மா தரவில்லை, ஒவ்வொன்றிலும் நாலு நாலு துளை போட்டுத்தான் தந்தார். மழைத்தண்ணி தேங்கி நுளம்பு வந்தால் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் கேட்பது யார் கடை டயர் என்றுதானாம்.